ஏலம் எடுத்துவிட்டுப் பணம் கட்டாதவர்கள்: பழைய காசு விற்பவர்கள் கவனத்துக்கு

பழைய காசு, நோட்டு, தபால்தலை இவற்றை வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் ஏலம் விடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஏலம் எடுத்துவிட்டுப் பணம் போடாமல் இழுத்தடிக்கிறவர்கள் எல்லாரும் மறதிக்காரர்கள் இல்லை, கைக்கஷ்டத்தில் இருப்பவர்களும் இல்லை. பொருளை அடிமாட்டு விலைக்கு வாங்க அதையே ஒரு வழியாக வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் சமீபத்தில் என் மாமனாரின் காசை ஏலம் எடுத்தார்.

மாமா ரயில்வேயில் இருந்த காலத்தில் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த காசுகள் அவை. பேத்திக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், சிலவற்றை மட்டும் கொடுத்துவிடலாம் என்றார். 2018ல் ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்ட பிறகு எங்களைப் போன்றவர்களுக்குக் கைக்கெட்டுவது இந்தக் குழுக்கள்தான். நாங்கள் விட்டதில் முக்கியமானது 1911ஆம் வருடத்து ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். பன்றி ரூபாய் என்று சொன்னால் சேகரிப்பவர்களுக்குத் தெரியும். அரசரின் அங்கியில் இருக்கும் குட்டி யானைக்குத் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. அரசு அந்தக் காசை நிறுத்தி, அடுத்த வருடம் தும்பிக்கையைத் திருத்தி வெளியிட்டது. அதனால்தான் 1911க்கு இவ்வளவு கிராக்கி. போலியும் உலவுவதால், லென்ஸ் வைத்து அந்த யானையைத் தனியாகப் படமெடுத்தோம். தராசில் 11.6 கிராம் காட்டுவதையும் விளிம்பையும் வீடியோவாகப் போட்டோம்.

அடிப்படை விலை 2,000. ஈரோட்டில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரும், மதுரையில் ஆசிரியராக இருக்கும் ஒருவரும் நூறு நூறாக ஏற்றிக்கொண்டு போனார்கள். 4,200 வந்ததும் புதிதாக ஒருவர் உள்ளே வந்து ஒரே தாவலில் 5,500 என்றார். ஈரோட்டுக்காரர் 5,600 கேட்டதும் இவர் 6,800 என்றார். மற்ற இரண்டு பேரும் விலகிக்கொண்டார்கள். அட்மின் ‘முடிந்தது’ என்று போட்டார். அந்த ஆளின் புரொஃபைலில் முகத்துக்குப் பதில் ஒரு சாமி படம். எந்த ஊர் என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

“அண்ணா, காலையில பேங்க் திறந்ததும் போட்டுடறேன்” என்றார். யு.பி.ஐ.யில் பணம் போட பேங்க் எதற்குத் திறக்க வேண்டும்? மறுநாள் லிமிட் முடிந்துவிட்டது என்றார். அதற்கடுத்து வீட்டில் ஒரு துக்கம் என்றார். துக்கம் என்று சொன்னவரை யாரும் நெருக்க மாட்டார்கள், மாமாவும் “பாவம், விடுங்க மாப்ளே, ரெண்டு நாள் பொறுப்போம்” என்றார். அதே நாள் ராத்திரி அவர் வேறொரு குழுவில் திருவிதாங்கூர் காசுகளுக்கு ஏலம் கேட்டுக்கொண்டிருந்ததை நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பினார்.

கறாராகக் கேட்டதும் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. பச்சை டிக், 6,800 ரூபாய், மாமாவின் பெயர், எல்லாம் சரியாக இருந்தன. கீழே, ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தனியாக விழும் 12 இலக்க யு.டி.ஆர். எண் வர வேண்டிய இடத்துக்கு மேலேயே படம் வெட்டப்பட்டிருந்தது. மாமாவின் பாஸ்புக்கிலும் எதுவும் ஏறவில்லை. எண்ணைக் கேட்டேன். “சர்வர் பிரச்சினை சார், பணம் நடுவுல நிக்குது, 24 மணி நேரத்துல வந்துடும். நீங்க பார்சலைப் போட்டுடுங்க, சாயங்காலத்துக்குள்ள கூரியர் போயிடணும்” என்றார். ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போகும் யு.பி.ஐ. பணம் அப்படி அந்தரத்தில் நிற்காது. ஒரு பக்கம் கழிந்து மறுபக்கம் ஏறவில்லை என்றால், அடுத்த நாளுக்குள் அனுப்பியவர் கணக்கிலேயே தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே 2019ல் உத்தரவு போட்டிருக்கிறது. ஆகவே யார் என்ன படம் அனுப்பினாலும், உங்கள் கணக்கில் தொகை ஏறியதை நீங்களே பார்க்கும்வரை பார்சல் கட்டாதீர்கள். நான் கட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. போன் செய்து, “சார், வெளியில விசாரிச்சேன், இது அவ்வளவு போகாதாம். மூவாயிரம்னா இப்பவே ஜிபே பண்றேன்” என்றார். கட்டணம் கட்டும் தேதி நெருங்குகிறது என்பதை மாமா ஏதோ பேச்சில் அவரிடம் சொல்லியிருந்தார்.

காசு எங்கள் கையில்தானே இருக்கிறது, என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஈரோட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு, “ஐயா, உங்கள் விலைக்கே தருகிறோம்” என்றேன். அவர் சொன்னது இது: “தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஆளையே விட்டு ஏத்திட்டு, அது தலையில விழுந்ததும் என்கிட்ட வர்றீங்களோன்னு தோணுது. நானும் அந்தப் பணத்துக்கு வேற காசு எடுத்துட்டேன்.” அவரைக் குறை சொல்ல முடியாது. விற்கிறவரே ஆள் வைத்து விலை ஏற்றும் அசிங்கம் இந்தக் குழுக்களில் நடக்கத்தான் செய்கிறது. 1930ஆம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, அப்படி ஏற்றிய ஏலத்தை வாங்கினவர் ரத்து செய்யலாம் என்கிறது. நாணயமாக இருந்த எங்கள்மேல் அந்தச் சந்தேகம் விழுந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அந்த ஆள் உண்மையான போட்டியாளர்களை விரட்டி, விற்பவரின் பெயரையும் கெடுத்து, கடைசியில் தன்னைத் தவிர வேறு ஆள் இல்லாத நிலைக்குக் கொண்டுவந்து பேரம் பேசுகிறார்.

அதனால் பணம் வராத ஒவ்வொரு நாளும் இரண்டாவது ஆள் உங்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலம் முடிந்த ராத்திரியே அவரிடம், “முதல் ஆள் நாளை மாலை ஆறு மணிக்குள் பணம் போடவில்லை என்றால் உங்கள் கடைசி விலைக்கு உங்களுக்கு, சம்மதமா?” என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கெடுவை ஏலம் தொடங்கும்போதே விதியாகப் போட்டுவிட்டால் யாரும் வருத்தப்பட முடியாது. ஈபேயிலேயே நான்கு நாள்தான் கெடு. அதற்குப் பிறகு விற்பவர் ரத்து செய்துவிட்டு, அடுத்த ஆளுக்கு அவர் கேட்ட விலையிலேயே கொடுக்கலாம். பணம் போடாதவர் மறுபடி உங்கள் பொருளைக் கேட்க முடியாதபடி தடுத்தும் வைக்கலாம். நம் குழுக்களில் இப்படி எந்த ஏற்பாடும் கிடையாது, அட்மின் மனசு வைத்தால்தான் உண்டு.

கெடு தாண்டிவிட்டால் எழுத்தில் ஒரு வரி அனுப்புங்கள்: “இந்த நேரத்துக்குள் பணம் வராவிட்டால் வேறு ஒருவருக்கு விற்றுவிடுவேன்.” அதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 54ஆம் பிரிவில், பணம் பெறாத விற்பனையாளர் இப்படி அறிவிப்புக் கொடுத்து, நியாயமான அவகாசமும் கொடுத்துவிட்டு மறுபடி விற்கலாம் என்று இருக்கிறது. குறைந்த விலைக்குப் போனால் அந்த நஷ்டத்தைக் கேட்கவும் உரிமை உண்டு. சில ஆயிரத்துக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. ஆனால் பின்னால் “என் காசை வேறொருவருக்கு வித்துட்டான்” என்று குழுவில் கத்துகிறவர் வாயை அடைக்க அந்த ஒரு வரி போதும்.

புது எண்ணிலிருந்து திடீரென்று பெரிய தொகை கேட்கிறவரிடம், ஏலம் நடக்கும்போதே அட்மினை விட்டு, முன்பு யாரிடம் வாங்கினீர்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். நிஜமாக வாங்குகிறவர் கோபப்பட மாட்டார், இரண்டு பெயர் சொல்வார். வி.பி.பி.யில் அனுப்புங்கள், தபால்காரரிடம் பணம் கொடுக்கிறேன் என்பவரிடமும் ஜாக்கிரதை. வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் தபால் செலவு நம் தலையில்தான். சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்கு நேராக அனுப்பிவிடுங்கள் என்று இன்னொருவர் கேட்டார். 100 வருடம் தாண்டிய காசு 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். வாங்குகிறவர் சிக்க மாட்டார், அனுப்பியவர்தான் சிக்குவார்.

பணம் அனுப்ப கியூஆர் தருகிறேன், ஸ்கேன் செய்து யு.பி.ஐ. பின் (PIN) நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். பணம் வாங்க அந்த PIN நம்பர் தேவையே இல்லை. ஏமாந்து பணமோ பொருளோ போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்.

மதுரை ஆசிரியர் 4,100க்கு அந்த ரூபாயை எடுத்துக்கொண்டார். கேட்டதும் பணம் போட்டார். ஏய்த்தவரின் எண்ணையும், வெட்டப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டையும், அவர் பேசிய குரல் பதிவுகளையும் எங்கள் அட்மினிடம் கொடுத்திருக்கிறேன். பொதுவில் போட மாட்டேன். மற்றக் குழு அட்மின்கள் கேட்டால் அவர் தருவார்.