கொலஸ்ட்ரால் கோளாறை ஆராய: என்.எம்.ஆரா, மாஸ் ஸ்பெக்கா? லாஸோவா, எக்ஸ்ஜிபூஸ்ட்டா?

லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் இருக்கும் எல்.டி.எல். ('கெட்ட' கொலஸ்ட்ரால்) எண் பல சமயம் அளந்தது இல்லை, கணக்குப் போட்டது. மொத்தக் கொலஸ்ட்ரால் 220, எச்.டி.எல். ('நல்ல' கொலஸ்ட்ரால்) 40, ட்ரைகிளிசரைடு 200 மி.கி./டெ.லி. என்று வைத்துக்கொள்வோம். 220-இல் 40-ஐக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கான இன்னொரு 40-ஐயும் கழித்தால் 140. இது 1972-இல் வந்த ஃப்ரீடுவால்ட் சூத்திரம். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இது செல்லாது. கொழுப்பு ஏன் ஏறியது என்பதையும் சொல்லாது. அதற்காகத்தான் அமினோ அமிலம், பித்த அமிலம், செரமைடு என்று ரத்தத்தில் இருக்கும் மெட்டபாலைட்டுகளை, அதாவது உடலின் வேதிமாற்றத்தில் வரும் சின்ன மூலக்கூறுகளை அளந்து, அந்த எண்களிலிருந்து கோளாறைக் கணிக்கக் கணினி மாடல்களைப் பழக்குகிறார்கள்.

அளக்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று என்.எம்.ஆர்., காந்தப்புலத்தில் அணுக்கள் தரும் சிக்னலை வைத்து அளக்கும் முறை. இதில் சாம்பிளை அதிகம் பக்குவப்படுத்த வேண்டாம். திரும்ப அளந்தாலும் எண் பெரிதாக மாறாது. ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரோட்டீன் துகள்களை அளவு வாரியாகப் பிரித்தும் காட்டும். யுகே பயோபேங்க் போன்ற பெரிய ஆய்வுகள் இதை எடுத்துக்கொண்டது ஆச்சரியமில்லை. ஆனால் மிகக் குறைந்த அளவில் இருக்கும் மூலக்கூறுகள் இதன் கண்ணில் படாது.

அவற்றைப் பிடிப்பது மாஸ் ஸ்பெக், மூலக்கூறுகளை நிறையை வைத்துப் பிரித்தறியும் முறை. ஆயிரக்கணக்கில் சிக்னல் தரும், அவற்றில் பல எந்த மூலக்கூறு என்றே தெரியாமல் நின்றுவிடும். பெரிய தலைவலி பேட்ச் வித்தியாசம்: ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அளவீடு கொஞ்சம் மாறும். நோயாளிகளின் சாம்பிளை ஒரு நாளும் ஆரோக்கியமானவர்களுடையதை வேறொரு நாளும் ஓட்டினால், மாடல் நோயைக் கற்காது, நாளைக் கற்றுக்கொள்ளும்.

சரி, மாடல்? லாஸோ என்ற நேர்கோட்டு மாடல் தேவையில்லாத மார்க்கர்களின் (அளந்த மூலக்கூறுகளின்) எடையைப் பூஜ்யமாக்கிவிடும், படிக்க எளிது. ஆனால் லூசின், ஐசோலூசின், வாலின் என்ற அமினோ அமிலங்கள் மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்குபவை. லாஸோ ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம். வேறு சாம்பிளில் வேறொன்று நிற்கும். லாஸோவின் உறவுக்கார மாடலான எலாஸ்டிக் நெட் இதைக் கொஞ்சம் சமாளிக்கும். பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் எக்ஸ்ஜிபூஸ்ட் வளைந்து நெளிந்த உறவுகளையும் பிடிக்கும். ஆனால் ஆட்கள் நூறு, மார்க்கர் ஆயிரம் என்றால் மனப்பாடம் செய்துவிடும். மாடலை விளக்கப் பயன்படும் ஷாப் (SHAP) மதிப்புகள் எந்த மார்க்கர் கணிப்பை நகர்த்தியது என்று சொல்லும், காரணம் எது என்று சொல்லாது. சின்ன ஆய்வுக்கு எலாஸ்டிக் நெட், பெரியதற்கு எக்ஸ்ஜிபூஸ்ட் என்பது என் தேர்வு.

உண்மையில் இந்தச் சண்டையைவிட முக்கியம், மாடலுக்கு உள்ளே என்ன போகிறது என்பது. என்.எம்.ஆர். பட்டியலிலேயே எல்.டி.எல். துகளில் உள்ள கொலஸ்ட்ரால் இருக்கிறது. அதைக் கொடுத்து 'எல்.டி.எல். அதிகமா?' என்று கேட்பது, விடைத்தாளைக் கையில் கொடுத்துப் பரீட்சை வைப்பது மாதிரி. மாடலின் மதிப்பெண்ணான ஏ.யு.சி. (1 என்றால் முழுச்சரி) 0.99 வந்தாலும் அர்த்தமில்லை. கொழுப்பு சாராத மார்க்கர்களை மட்டும் வைத்துத் திரும்ப ஓட்டினால் மதிப்பெண் இறங்கும். ஆனால் அங்கே மிஞ்சுவதுதான் புதுத் தகவல்.

அப்புறம் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின். மாத்திரை சாப்பிட்டு எல்.டி.எல். 90-க்கு வந்தவரை ரிப்போர்ட் 'நார்மல்' என்கிறது, மாடலும் அப்படியே கற்கிறது. ஸ்டாட்டின் எடுப்பவர்களைத் தனியாகப் பிரிக்காத ஆய்வென்றால், எந்த மாடல் என்று பார்க்கும் முன்பே நான் படிப்பதை நிறுத்திவிடுவேன்.