விமான நிலையக் கடைகளில் அரிய போர்பன்: எதைத் தேடுவது, எதைக் கடந்து செல்வது

மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்டு வடிக்கப்படும் அமெரிக்க விஸ்கியான போர்பனில் அரியதைத் தேடி, விமான நிலையத்தின் வரியில்லா (டியூட்டி ஃப்ரீ) கடைக்குள் நுழைபவர்களில் பலர், அமெரிக்காவிலேயே குலுக்கல் நடத்தி விற்கப்படும் பாப்பி வான் விங்கிள் போன்ற பெயர்களை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அவற்றை விமான நிலையத்தில் எதிர்பார்க்க வேண்டாம். எப்போதாவது கண்ணாடிப் பேழைக்குள் ஒன்று தென்பட்டாலும் விலை ஏலச் சந்தையை ஒட்டியே இருக்கும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வடித்து, வெளிநாட்டுச் சந்தைக்கென்றே புட்டியில் அடைத்த வகைகளுக்காகத்தான் இக்கடைகளை நான் மதிக்கிறேன்.

பிளான்டன்ஸ் கோல்ட் அவற்றில் முதன்மையானது. தலைமை வடிப்பாளர் எல்மர் டி. லீ 1984இல் அறிமுகப்படுத்திய பிளான்டன்ஸ், ஒவ்வொரு புட்டியையும் ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பும் முறையைப் போர்பன் உலகில் பரவச் செய்தது. அது இன்றும் பஃபலோ டிரேஸ் வடிசாலையில்தான் தயாராகிறது என்றாலும், வணிகப் பெயரின் உரிமை ஜப்பானின் தகாரா ஷூசோ நிறுவனத்தின் கையில் இருப்பதால், அதன் வலுவான வகைகள் நெடுங்காலம் அமெரிக்காவுக்கு வெளியேதான் விற்கப்பட்டன. கோல்ட் அந்நாட்டுக் கடைகளுக்கு வந்ததே 2020இல்தான், அதுவும் சிறிய அளவில். வழக்கமான பிளான்டன்ஸின் 46.5 விழுக்காட்டு ஆல்கஹால் செறிவுக்கும் கோல்டின் 51.5 விழுக்காட்டுக்கும் உள்ள இடைவெளி எண்ணில் சிறிதாகத் தோன்றினாலும், நாவில் பெரிது: ஆரஞ்சுத் தோலின் மணமும் தேனின் இனிப்பும் தொண்டையில் இறங்கிய பின்னும் நீடிக்கின்றன, மிளகுக் காரமும் தெளிவாக எழுகிறது. அதன் முகப்புச் சீட்டில் பீப்பாய் எண், கிடங்கு, பீப்பாயைத் திறந்த நாள் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், அலமாரியில் இரண்டு புட்டிகள் இருந்தால் எண்களை ஒப்பிட்டு, வெவ்வேறு பீப்பாய்களிலிருந்து வந்தவையாக எடுப்பது நல்லது.

வைல்ட் டர்க்கி 101 என்ற போர்பன் புட்டியையும் இதே கவனத்துடன் பார்க்க வேண்டும். அமெரிக்கப் புட்டியிலிருந்து 1990களில் நீங்கிய '8 ஆண்டு' என்ற முதிர்வுக் குறிப்பு, ஜப்பான் போன்ற நாடுகளுக்கான புட்டியில் தொடர்ந்து இருந்துவந்தது. வயதைக் குறிப்பிடாத புட்டியில் 'ஸ்ட்ரெய்ட்' என்ற சொல் இருந்தால் குறைந்தது 4 ஆண்டுகள் பீப்பாயில் இருந்தது என்று கொள்ளலாம். அதற்குக் குறைவானால் வயதை அச்சிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்றிருந்தால், 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடிக்கப்பட்டு, 4 ஆண்டுகளுக்குக் குறையாமல் முதிர்ந்து, 50 விழுக்காட்டில் அடைக்கப்பட்டது என்று பொருள். 'பயணிகளுக்கு மட்டும்' என்ற பளபளப்பான அறிவிப்பைவிட இச்சொற்களையே நான் நம்புவேன். அந்த அறிவிப்போடு வரும் புட்டிகளில் பல, ஊரில் கிடைக்கும் அதே சரக்கை ஒரு லிட்டர் அளவில் தருபவை. மேக்கர்ஸ் மார்க் 101 போல உண்மையாகவே பயணிகளுக்கென முதலில் வந்த நல்ல புட்டிகளும் உண்டு.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஸ்காட்சுக்கும் ஜப்பானிய விஸ்கிக்கும்தான் முதலிடம்; போர்பனுக்குக் கிடைப்பது ஓரத்து அலமாரி. எனினும் பயணத்துக்கு முன்பே இணையத்தில் இருப்பைப் பார்த்துப் பதிவு செய்ய முடிவது பெரிய வசதி. துபாய் விமான நிலையத்தின் லெ க்ளோ மதுக்கடை விலையுயர்ந்த அரிய புட்டிகளுக்குப் பெயர்பெற்றது, சிக்கனமாக வாங்க விரும்புபவருக்கு ஏற்றதன்று. டோக்கியோ செல்பவர்கள் விமான நிலையம் வரை காத்திருக்காமல் நகரத்து மதுக்கடைகளையே முதலில் பார்க்கட்டும். எங்கே வாங்கினாலும் 700 மில்லி, 750 மில்லி, ஒரு லிட்டர் என அளவுகள் மாறுவதால், லிட்டருக்கு என்ன விலை என்று கணக்கிட்ட பிறகே மலிவா என்று முடிவு செய்ய வேண்டும்.

வழியில் விமானம் மாறுபவர்கள் கடைசி நிலையத்தில் வாங்குவதே பாதுகாப்பானது. முன்பே வாங்கினால், கடையில் தரும் முத்திரையிட்ட பையைப் பிரிக்காமல் ரசீதோடு வைத்திருக்க வேண்டும். இந்தியாவுக்குள் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். வெளிநாட்டுச் சந்தைக்கான பிளான்டன்ஸ் 700 மில்லி புட்டியில் வருவதால், இரண்டு தாராளமாக அடங்கும். மூன்றாவதை எடுத்தால் 2.1 லிட்டராகி எல்லையைத் தாண்டிவிடும்.