நிக்ரோம் கம்பியா, ஐஸ்க்ரீம் குச்சியா: சுடர் சோதனைக்கு எது நல்லது?

பெங்களூரில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வேதியியல் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். சுடர் சோதனை என்பது, உப்பைக் கம்பி நுனியில் எடுத்துச் சுடரில் காட்டி, வரும் நிறத்தை வைத்து அதில் என்ன உலோகம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இந்த வருடம் அதற்கு நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம்) கம்பியை ஓரம் வைத்துவிட்டு மரக்குச்சிக்கு மாறினோம். அதே யோசனையில் இருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்த முறையானாலும் நிறம் ஒன்றுதான். கால்சியத்துக்குச் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்ஷியத்துக்குக் கருஞ்சிவப்பு, பேரியத்துக்கு ஆப்பிள் பச்சை, தாமிரத்துக்கு நீலம் கலந்த பச்சை. விலையிலும் பெரிய விவாதம் இல்லை. கம்பி பிளாட்டினத்தில் வேண்டுமென்றால் பவுன் மாதிரி கிராம் கணக்கு. நிக்ரோம் எஸ்.பி. ரோட்டில் ஹீட்டர் காயில் விற்கும் கடையிலேயே கிடைக்கும். ஐஸ்க்ரீம் குச்சி கட்டுக் கட்டாக வரும்.

என்னைப் பொறுத்தவரை, சோடியம்தான் இதைத் தீர்மானிக்கிறது. 589 நானோமீட்டரில் அது தரும் மஞ்சள், பக்கத்தில் இருக்கும் எல்லா நிறத்தையும் விழுங்கிவிடும். ஒரு மில்லிகிராமில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு சோடியம் உப்பு இருந்தால்கூடத் தெரிகிறது என்று ஜெர்மன் விஞ்ஞானிகள் புன்சனும் கிர்ச்சாஃபும் 1860-இல் எழுதினார்கள். விரல் வியர்வை பட்டாலே போதும். கம்பியை ஒவ்வொரு முறையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, சுடரில் காட்டி, சுடரில் நிறம் வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். தனியாளாகச் செய்தால் சிரமமில்லை. ஒரு வகுப்பே வரிசையில் நிற்கும்போது, முன்னால் போனவன் கம்பியைச் சரியாகக் கழுவாவிட்டால் பின்னால் வருபவளுக்கு அவனுடைய உப்பின் நிறம்தான் வரும். வாட்ச் கிளாசில் (சிறு கண்ணாடித் தட்டு) இருக்கும் அமிலமும் சிறிது நேரத்தில் கலப்படமாகிவிடும். நாள்பட்ட நிக்ரோமின் நுனி அரித்துச் சொரசொரப்பாகி, உப்பைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. அப்போது நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கொக்கி வளைப்பதுதான் வழி.

குச்சியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரு பிள்ளைக்கு, ஒரு உப்புக்கு, ஒரு குச்சி. முதல் நாள் இரவே டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட வேண்டும். மரத்துக்குள் இருக்கும் சோடியம், பொட்டாசியம் உப்புகள் ஓரளவு நீரில் இறங்கிவிடும், குச்சியும் சட்டென்று பற்றாது. நம்ம ஊர் போர்வெல் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். அதில் இருக்கும் கால்சியமே செங்கல் சிவப்பைக் காட்டிக் குழப்பிவிடும். ஈரக் குச்சியின் நுனியால் உப்பையும் அமிலத்தையும் குழைத்த பசையைத் தொட்டு, நீலச் சுடரின் ஓரத்தில் காட்ட வேண்டும். முதல் சில நொடிகளில் தெரிவதுதான் கணக்கு. மரம் கருகத் தொடங்கியபின் வரும் மஞ்சள் மரத்தினுடையது. பார்த்து முடித்ததும் குச்சியைத் தண்ணீர் வாளியில் போடச் சொல்லுங்கள்.

சோடியத்தின் மஞ்சளை மறைத்துச் சுடரைப் பார்க்க உதவும் நீலக் கோபால்ட் கண்ணாடி எந்த முறைக்கும் வேண்டும். பிள்ளைகள் அதிகம் குழம்புவது கால்சியத்துக்கும் ஸ்ட்ரான்ஷியத்துக்கும் நடுவில்தான். கண்ணாடி வழியே கால்சியம் பச்சையாகவும் ஸ்ட்ரான்ஷியம் ஊதாவாகவும் தெரியும்.

பேரியத்தில் குச்சி தோற்றுவிடும், அதை மறைக்க மாட்டேன். பேரியம் குளோரைடு எளிதில் ஆவியாகாது, நேரம் கொடுத்துச் சூடாக்கினால்தான் அந்தப் பச்சை வரும். அதற்குள் குச்சி எரிந்துவிடும். அதனால் பேரியத்துக்கென்று தனியாகச் சில நிக்ரோம் கம்பிகள் வைத்திருக்கிறேன், வேறு உப்புக்கு அவற்றைத் தருவதில்லை. பிளாட்டினத்தை நான் கல்லூரியில் மட்டுமே கையாண்டிருக்கிறேன். அமிலம் அதை அரிக்காது, சுத்தமாக்குவதும் எளிது. பள்ளியில் பல கைகள் பட்டால் எத்தனை வருடம் தாங்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. ஆனால் சூடான பிளாட்டினம் ஈயத்தோடு கலந்து கெட்டுப்போகும். தெரியாத உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சால்ட் அனாலிசிஸில் ஈய உப்பும் வருவதால், தெரியாத உப்பில் அதைத் தோய்க்க எனக்கு மனம் வராது.

மெத்தனாலில் உப்பைக் கரைத்துக் கொளுத்திக் காட்டும் வானவில் சுடர் பார்க்க அழகுதான். பள்ளிக்குள் அது வேண்டவே வேண்டாம். மாணவர்கள் தீக்காயம் பட்ட விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்காவின் ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2014-இல் இது குறித்து எச்சரித்தது.

பிராக்டிகல் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளர் கம்பியை எதிர்பார்க்கக்கூடும். அதனால் தேர்வுக்கு முன் ஒரு வகுப்பை மட்டும் நிக்ரோமுக்கு ஒதுக்கி, கொக்கி வளைப்பதிலிருந்து கழுவுவது வரை பிள்ளைகளையே செய்யவைக்கிறேன். மற்ற வகுப்புகளுக்கெல்லாம் குச்சிதான்.