நம்பர் 10-ஆ, 24/6-ஆ? ஸ்டேப்ளரும் பின்னும் வாங்கும் முன்

ஸ்டேப்ளர் வாங்கும்போது பலரும் மெஷினைப் பார்த்து எடுத்துவிட்டு, பின்னை அப்புறம் தேடுகிறார்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள். ஒரு தடவையில் எத்தனை தாளைச் சேர்த்துப் பின் அடிக்கப்போகிறோம் என்பது முதல் கேள்வி. அதை வைத்துப் பின்னின் அளவு முடிவாகும். அந்தப் பின் போகிற மெஷின் எது என்று தேடுவது அதற்குப் பிறகுதான்.

பின் பெட்டியின் மேல் 24/6, 26/6, 23/13 என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் கம்பியின் தடிமனைச் சொல்கிறது. எண் கூடக்கூடக் கம்பி மெலிசாகும். 26 மெலிசு, 23 தடிமன். இரண்டாவது எண், பின்னின் கால் எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்பது. நம்பர் 10 மட்டும் இந்தக் கணக்கில் வராது. ஜப்பானின் மேக்ஸ் நிறுவனம் 1952-இல் கொண்டுவந்த கையடக்க ஸ்டேப்ளரோடு வந்த அளவு அது. கால் நீளம் ஏறக்குறைய 5 மி.மீ. அகலம் 9 மி.மீ. சொச்சம்தான்; 24/6-இன் அகலமோ 13 மி.மீ. அளவுக்கு வரும். அதனால் ஒன்றின் பின் இன்னொன்றின் மெஷினில் சரியாக உட்காராது.

தாள் கணக்கு ரொம்பச் சுலபம். சாதாரண 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். பத்துத் தாள் சேர்ந்தால் 1 மி.மீ. பின்னின் கால் தாளைத் துளைத்து வெளியே வந்து மடங்க இன்னும் 3 மி.மீ. வேண்டும். ஆகவே கால் நீளத்தில் 3-ஐக் கழித்துப் பத்தால் பெருக்கினால், அந்தப் பின் எத்தனை தாள் தாங்கும் என்று தெரிந்துவிடும். நம்பர் 10-க்கு 20 தாள், 24/6-க்கு 30, 24/8-க்கு 50, 23/13-க்கு 100. இதெல்லாம் உச்ச வரம்பு. தினசரி வேலையை அதற்குக் கொஞ்சம் கீழேயே வைத்துக்கொள்வதுதான் மெஷினுக்கும் கைக்கும் நல்லது. தடித்த அட்டையோ பளபளப்பான தாளோ நடுவில் இருந்தால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

நம்பர் 10 எதிர் 24/6

பெரும்பாலானவர்களுக்கு நிஜமான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வீட்டுக்கு நம்பர் 10 போதும் என்பது என் தீர்மானமான கருத்து. பில், ரசீது, விண்ணப்பம், பிள்ளைகளின் பயிற்சித் தாள் என்று வீட்டில் பின் அடிப்பதெல்லாம் இரண்டு தாளிலிருந்து பத்துத் தாளுக்குள் அடங்கிவிடும். மெஷின் சின்னது, ஒரு கையில் அடங்கும், பென்சில் டப்பாவுக்குள்கூடப் போகும். மெல்லிய கம்பி என்பதால் அழுத்தவும் அதிக பலம் வேண்டாம். ரசீது மாதிரி சின்னத் தாளில் 13 மி.மீ. பின் பெரிதாகத் தெரியும். எழுத்தின் மேலும் ஏறிவிடும். நம்பர் 10 ஓரத்திலேயே ஒதுங்கிக்கொள்ளும்.

ஆனால் அதன் பலவீனமும் அந்தச் சின்ன உடம்பில்தான் இருக்கிறது. பதினைந்து தாளைத் தாண்டியதும் கால் மடங்க மிச்சமிருக்கும் நீளம் குறைந்துவிடும். அப்படி அடித்த கட்டை நாலு பேர் கைமாறிப் புரட்டினால் கடைசித் தாள் கழன்று வரும். அலுவலகத்தில் ஒரு ஃபைல் எத்தனை மேஜை தாண்டிப் போகும் என்று சொல்ல முடியாது. அங்கே 24/6 தான் சரி. அகலமான பின் தாளை அகலமாகப் பிடித்துக்கொள்வதால், புரட்டும்போது மூலையில் கிழிசல் குறைவு. மேஜையில் வைத்து உள்ளங்கையால் அழுத்துகிற வாகு இருப்பதால், நாளெல்லாம் அடித்தாலும் விரல் வலிக்காது. அலுவலகத்துக்கு நம்பர் 10-ஐ மொத்தமாக வாங்கி மேஜைக்கு ஒன்று கொடுப்பது தவறான சிக்கனம். தாள் கட்டு பெரிதாகும்போது ஆட்கள் ஒரே இடத்தில் இரண்டு மூன்று பின் அடிக்கிறார்கள். அதில் மெஷினும் சீக்கிரம் கெடுகிறது, தாளும் கிழிகிறது.

எது சரியாக வேலை செய்கிறது என்று தெரிய, அடித்த கட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். இரண்டு காலும் உள்பக்கமாக வளைந்து, நுனி தாளைத் தொட்டபடி படுத்திருந்தால் பின்னும் தாளும் பொருந்திவிட்டன. நுனி மட்டும் லேசாக எட்டிப் பார்த்து மடங்காமல் நின்றால் கால் குட்டை. அடுத்த நீளத்துக்குப் போக வேண்டும். இரண்டு காலும் நடுவில் ஒன்றை ஒன்று தாண்டி நுனி மறுபடி தாளுக்குள் குத்தினால் கால் நீளம் அதிகம். அஞ்சு தாளுக்கு 24/8 போட்டால் இதுதான் நடக்கும். ஒரு கால் சரியாக இறங்கி, இன்னொரு கால் முன்பக்கமே நசுங்கிக் கிடந்தால் கோளாறு வேறு: மெஷின் முனை அசைகிறது, அல்லது கட்டு அந்தக் கம்பிக்கு மீறிய தடிமன். கடையில் மெஷினை அடித்துப் பார்க்க விட்டால் இந்தப் பின்பக்கத்தைத்தான் பார்த்து வாங்க வேண்டும். நிறமும் பிடியும் அப்புறம்.

24/6 எதிர் 26/6

இரண்டுக்கும் கால் நீளம் ஒன்று, அகலமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் 24/6 மெஷின்கள் பலவற்றில் 26/6-உம் ஓடும். மெஷினின் அடியிலோ பெட்டியிலோ இரண்டு எண்ணும் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்துத் தாளுக்குள் என்றால் 26/6 அழகாக இறங்கும், தாளில் துளையும் சின்னது. இருபதைத் தாண்டும் கட்டுக்கு 24/6 தான். கட்டு தடிமனாகும்போது மெலிந்த கால் பாதி வழியில் வளைந்துவிடும். நீளம் இரண்டு மடங்கானால் வளையாமல் தாங்கும் சக்தி நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பது கம்பிகளுக்குப் பொதுவான விதி. நூறு தாளுக்கான பின்னைத் தடித்த 23 கம்பியில் செய்வதற்கும் காரணம் இதுதான்.

அந்த 23 வரிசைக்குத் தனிப் பெரிய மெஷின் வேண்டும். நீளமான கைப்பிடி, கனமான அடிப்பாகம், தாளின் ஓரத்தை நிறுத்தத் தடுப்பு எல்லாம் இருக்கும். கட்டின் தடிமனுக்கு ஏற்ப 23/8-இலிருந்து 23/24 வரை பின்னை மாற்றிப் போட வேண்டும். ஒரே நீளத்தை வாங்கி வைத்து எல்லாவற்றுக்கும் அடித்தால் மெஷின் இருந்தும் பயனில்லை. அச்சகம், நகலகம், கணக்குப் பிரிவு தவிர மற்றவர்களுக்கு இது இடத்தை அடைக்கும் சாமான். மாதத்தில் ஒருமுறை எழுபது தாள் வருகிறது என்றால் துளை போட்டு ஃபைலில் கோத்துவிடுங்கள். நடுவில் மடித்துச் சிறு புத்தகமாகத் தைக்க வேண்டியவர்களுக்கு மட்டும் நீளக் கழுத்து ஸ்டேப்ளர். சாதாரண மெஷினின் வாய் தாளின் நடு வரைக்கும் எட்டாது.

சாதாரண மடிப்பு எதிர் தட்டை மடிப்பு

சாதாரண ஸ்டேப்ளர் காலை வில் மாதிரி வளைக்கும். தட்டை மடிப்பு மெஷின் காலைத் தாளோடு தாளாகப் படுக்க வைக்கும். ஒரு கட்டில் வித்தியாசம் தெரியாது. ஐம்பது கட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், சாதாரணப் பின் அடித்த அடுக்கு மூலையில் மேடு தட்டிச் சாயும். தட்டைப் பின் அடித்தது கணிசமாகத் தாழ்ந்து நிற்கும். விடைத்தாள் அடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஃபைல் அலமாரி நிரம்பி வழிகிற அலுவலகத்துக்கும் இதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். வீட்டுக்கு அவசியமில்லை.

பின்னே இல்லாத ஸ்டேப்ளரும் இருக்கிறது. ஒரு வகை தாளில் சின்ன நாக்கு வெட்டி, பக்கத்துக் கீறலில் செருகிவிடும். இன்னொரு வகை பல் பதித்து அழுத்தி ஒட்டவைக்கும். சின்ன மெஷின்களில் நாலைந்து தாள்தான் வரம்பு, பெரியதில் பத்து வரை போகலாம். உணவுப் பொருள் தயாரிக்கும் இடத்தில் ஒரு துண்டு இரும்பு விழுந்தாலும் ஆபத்து என்பதால் அங்கே இது நல்ல தேர்வு. சின்னக் குழந்தைகள் இருக்கும் இடத்துக்கும் சரி. பின் இருந்தால் தாளை மறுசுழற்சிக்குப் போட முடியாது என்று நினைத்து இதை வாங்க வேண்டாம். தாள் கூழாகும்போது ஆலையில் இரும்பு தனியே பிரிந்துவிடும்.

தற்காலிகமாக மட்டும் சேர்க்க வேண்டுமென்றால் உங்களிடம் இருக்கும் மெஷினிலேயே வழி இருக்கலாம். பின் மடங்கும் அந்தச் சின்ன அடித்தட்டைத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். திருப்பினால் இன்னொரு ஜோடிக் குழி இருக்கும். அதில் அடித்தால் கால்கள் வெளிப்பக்கமாக விரியும். பின்னை ஒரு பக்கமாக இழுத்தாலே தாள் கிழியாமல் வந்துவிடும். ஸ்கேன் எடுக்கவோ நகல் எடுக்கவோ போகும் கட்டுக்கு இதுதான் வசதி.

மின்சார ஸ்டேப்ளரை நாள் முழுக்க அடிக்கிறவர்களுக்கும், கையிலோ மணிக்கட்டிலோ வலி உள்ளவர்களுக்கும் மட்டும் சொல்வேன்.

கடைசியாகத் துரு. சாதாரணப் பின் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி. கம்பியைப் பூசிய பிறகுதான் வெட்டுகிறார்கள் என்பதால் காலின் வெட்டுமுனையில் பூச்சு இருக்காது. ஈரம் பட்டால் துரு அங்கேதான் தொடங்கும். பழைய கட்டைப் பிரித்தால் தாளின் பின்பக்கம் இரண்டு பழுப்புப் புள்ளி விழுந்திருப்பதைப் பார்க்கலாம். செம்பு நிறப் பின்னும் பெரும்பாலும் மேற்பூச்சுதான். நிறத்தை நம்பி ஏமாற வேண்டாம். பல வருஷம் வைத்திருக்க வேண்டிய கட்டுகளுக்குத் துருப்பிடிக்காத எஃகுப் பின் என்று பெட்டியில் போட்டதையே கேட்டு வாங்குங்கள். அசல் சான்றிதழ், பத்திரம் இவற்றில் எந்தப் பின்னும் அடிக்க வேண்டாம். உறையில் போட்டு வைத்து, நகலுக்கு மட்டும் பின் அடியுங்கள்.