பாலிவேலன்ட் பாம்பு விஷமுறிவு மருந்து: குப்பிக்குள் இருப்பதும் இல்லாததும்

உலகிலேயே கொடிய விஷமுள்ள பாம்பு எது என்று தேடினால் ஆஸ்திரேலியாவின் உள்நிலத் தைப்பான்தான் முதலில் வரும். சுண்டெலிகளுக்குச் செலுத்தி அளந்த வீரியக் கணக்குப்படி அது சரியே. ஆனால் ஆள் நடமாட்டமில்லாத வறண்ட பூமியில் மண் வெடிப்புகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் அந்தப் பாம்பு கடித்து யாரும் இறந்ததாக உறுதியான பதிவு கிடையாது. இந்தியாவிலோ 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். சராசரியாக ஆண்டுக்கு 58,000. நெல் வயலிலும் வைக்கோல் போரிலும் பாய் விரித்துப் படுக்கும் தரையிலும் மனிதனோடு ஒட்டி வாழும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் இதில் பெரும் பங்குக்குப் பொறுப்பு. இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே குப்பியில் வரும் மருந்தைத்தான் இங்கே எடைபோடுகிறோம். மருத்துவமனைகளில் ஏ.எஸ்.வி. என்பார்கள். ஊரில் பாம்புக்கடி ஊசி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நேரத்தில், போதிய அளவில் ஏறினால் உயிரைக் காக்கும் மருந்து இது. இதற்கு மாற்றாக வேறு மருந்து இன்று கையில் இல்லை. அது தோற்கும் இடங்களில் சில மருந்தின் குறை, சில கையாளுபவர் குறை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

குப்பிக்குள் இருப்பது உறைய வைத்து உலர்த்திய வெண்மையான பொடி. குதிரைக்குச் சிறு சிறு அளவில் விஷம் ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்து, பெப்சின் நொதியால் வெட்டிச் சுத்திகரித்து எடுக்கிறார்கள். மூலப்பொருளான விஷத்தைப் பல ஆண்டுகளாக நாட்டுக்கே பெருமளவில் தந்து வருவது சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978இல் தொடங்கியது. பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்திருந்து, இடைவெளி விட்டு விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இருளர் சமூகத்தின் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது, இந்தக் கைத்திறனுக்குத் தாமதமாக வந்த மரியாதை.

லேபிளில் உள்ள கணக்கைத் தெரிந்துகொள்வது அவசியம். கரைத்த மருந்தில் 1 மில்லி, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் விஷத்தில் தலா 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் விஷத்தில் தலா 0.45 மில்லிகிராமையும் முறிக்கும். ஒரு குப்பி 10 மில்லி. ஆக 10 குப்பி சேர்ந்தால் கண்ணாடி விரியன் விஷத்தில் 60 மில்லிகிராம் முறியும். அந்தப் பாம்பு ஒரு கடியில் செலுத்தக்கூடிய சராசரி அளவும் ஏறத்தாழ அவ்வளவுதான். தொடக்க அளவு 8 முதல் 10 குப்பி என்று தேசிய நெறிமுறை சொல்வதன் காரணம் இதுவே. 'முதலில் இரண்டு குப்பி போட்டுப் பார்ப்போம்' என்பது விஷத்துக்கு நேரம் கொடுப்பதாகத்தான் முடியும். குழந்தைக்கும் இதே எண்ணிக்கை. கடித்த பாம்பு ஆள் சிறியவர் என்று விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. கரைத்து ஏற்றும் சலைனின் அளவு மட்டும் உடல் எடைக்கேற்பக் குறையும். பக்கத்திலேயே விற்றாலும் வீட்டில் வாங்கி வைக்கும் பொருள் இல்லை இது. தசையிலோ கடிவாயிலோ போடக் கூடாது. சிரை வழியாக, கண்காணிப்போடு, ஒரு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். விஷம் ஏறியதற்கான அறிகுறி இருந்தால் மட்டுமே ஏற்ற வேண்டும். கடித்தும் விஷம் உடலுக்குள் செல்லாத கடிகள் நிறைய உண்டு.

கரைக்கும் வேலையில் அவசரம் ஆகாது. உடன் வரும் சுத்தமான நீர் 10 மில்லியைச் செலுத்தி, உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரை கட்டி, முழு மருந்தையும் உறிஞ்சி எடுக்க முடியாமல் போகும். பத்துக் குப்பியை ஒருவரே கரைத்தால் பொன்னான நிமிடங்கள் போய்விடும். இரண்டு செவிலியர் சேர்ந்து செய்வதே சரி. கலங்கலாக இருந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் மருந்துக்குத் துணையாக இருப்பது ஒரு சாதாரண கண்ணாடிச் சோதனைக் குழாய். சிரையிலிருந்து 2 மில்லி இரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த குழாயில் ஊற்றி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயில் செய்தாலோ, சோப்புத்தூளால் கழுவிய குழாயில் செய்தாலோ இரத்தம் உறையாமல் போகலாம். தேவையில்லாதவருக்கு மருந்து ஏறும். மருந்து ஏற்றிய பிறகு ஆறு மணி நேரம் கழித்துத்தான் மறுசோதனை. விஷம் முறிந்தாலும் உறைய வைக்கும் காரணிகளைக் கல்லீரல் மீண்டும் உண்டாக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரத்திலேயே சோதித்து, 'மருந்து கேட்கவில்லை' என்று அடுத்த பத்துக் குப்பியை உடைப்பது வீண்.

மருந்தின் பெரிய குறை ஒவ்வாமை. குதிரைப் புரதம் ஆயிற்றே. அரிப்பு, தடிப்பு, வாந்தி, குளிர் நடுக்கம் முதல் மூச்சுத் திணறல், இரத்த அழுத்தச் சரிவு வரை வரலாம். தோலில் சோதனை ஊசி போட்டு இதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. நேரம்தான் போகும். கடும் ஒவ்வாமையை அடக்கும் மருந்தான அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைத்த பிறகே சொட்டைத் திறக்க வேண்டும். சிக்கல் வந்தால் சொட்டை நிறுத்தி, பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில் போட்டு, அடங்கிய பின் மெல்லத் தொடர வேண்டும். பயந்து மருந்தையே கைவிடக் கூடாது. இந்திய மருந்தையே பயன்படுத்தும் இலங்கையில் இந்த ஒவ்வாமை மிக அதிகம். மருந்து ஏற்றுவதற்கு முன் சிறிதளவு அட்ரினலினைத் தோலடியில் போட்டால் கடும் ஒவ்வாமை குறைகிறது என்று அங்கே நடந்த ஆய்வு 2011இல் வெளியாகி, நடைமுறையை மாற்றியது.

அடுத்த குறை, நான்குக்கு அப்பால் இந்தக் குப்பி கை கொடுக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் கடிக்கும், மூக்கு மேல்நோக்கித் தூக்கிய குழிவிரியனுக்கு இதில் மருந்து இல்லை. இலங்கையில் அதிகம் கடிப்பதே அதுதான். சிறுநீரகத்தைக் கெடுக்கும் அந்தக் கடிக்குக் கண்ணாடி விரியன் என்று நினைத்துக் குப்பி குப்பியாக ஏற்றினால் ஒவ்வாமைதான் மிச்சம். ராஜநாகத்துக்கும் இது பொருந்தாது. ஒரே இனத்திலும் ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது. தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து வடமேற்கு, வடகிழக்கு மாநிலங்களில் சில பாம்புகளிடம் தடுமாறுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வட்டாரவாரியாக விஷம் சேகரிக்காமல் இது தீராது.

கட்டுவிரியன் விஷயத்தில் எதிர்பார்ப்பை அளவோடு வைக்க வேண்டும். இரவில், தூக்கத்தில், வலியே தெரியாமல் கடிக்கும். விடியும்போது வயிற்று வலி, இமை தொங்கல், விழுங்க முடியாமை. அதன் விஷம் நரம்பு முனையையே சிதைத்துவிடுவதால், பிந்தி ஏற்றிய மருந்து அந்தச் சேதத்தைத் திருப்பாது. காப்பாற்றுவது செயற்கை சுவாசம்தான், சில நாட்களுக்குக்கூட. நல்ல பாம்புக் கடிக்கு உதவும் அட்ரோபின், நியோஸ்டிக்மின் இங்கே பெரும்பாலும் பலனளிக்காது. அதனால் வென்டிலேட்டர் இருக்கும் இடத்துக்கு அனுப்ப முடிவெடுப்பதை இமை தொங்கத் தொடங்கியதுமே செய்துவிட வேண்டும். அதற்குள் முதல் பத்துக் குப்பியைத் தொடங்கி, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் சுவாசப் பையோடு ஒருவரை உடன் அனுப்ப வேண்டும்.

குப்பி கைக்கு எட்டும் வரை வீட்டார் செய்ய வேண்டியவை கொஞ்சமே. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் கட்டையோடு தளர்வாகக் கட்டி, கடிபட்டவரை நடக்க விடாமல் 108இல் ஏற்றுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காமல் மருத்துவமனையிலேயே அவிழ்க்கட்டும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. தூரத்திலிருந்து எடுத்த படம் போதும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். 2024 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமாகியிருப்பதால், எந்த ஊரில் எத்தனை குப்பி தேவை என்ற கணக்கு இனியாவது நேராகும் என்று நம்புகிறோம்.

வீடு திரும்பிய பிறகு, ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், மூட்டு வலி, அரிப்பு வந்தால் அது குதிரைப் புரதத்துக்கு உடல் காட்டும் தாமதமான எதிர்ப்பு. அதே மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், விஷமுறிவு மருந்து ஏற்றிய தேதியைச் சொல்லிச் சிகிச்சை கேளுங்கள்.