கையாலேயே ரூல் போட்ட ஃபயர்வால்: நாலு வருஷ அனுபவம்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஜிஎஸ்டி கணக்கு அலுவலகம். எட்டு கம்ப்யூட்டர், நாலு கேமரா. ஊரில் பாதிக் கடைகளின் கணக்கு எங்களிடம் இருக்கிறது, அது வெளியே போய்விடக் கூடாது என்ற பயத்தில்தான் 2021இல் மூன்று லேன் போர்ட் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரில் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளைப் போட்டேன். அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, எதை விடலாம், எதை அடைக்கலாம் என்று நாம் எழுதிய ரூல்களின்படி காவல் காப்பதுதான் ஃபயர்வால். பிரவுசரில் முதலில் வரும், படிப்படியாகக் கேட்டு அமைத்துத் தரும் விசார்டை விட்டுவிட்டு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து நானே அமைத்தேன். பாஸ்வேர்டை மாற்றியதுதான் முதல் வேலை.

அன்றைக்கு நெட் வரவே இல்லை. மோடமும் 192.168.1.1, ஃபயர்வாலின் லேன் பக்கமும், அதாவது அலுவலகக் கம்ப்யூட்டர்கள் இருக்கும் பக்கமும், 192.168.1.1. இரண்டு பக்கமும் ஒரே முகவரி வரிசை என்றால் டேட்டா பாக்கெட் எந்தப் பக்கம் போகும்? லேனை 192.168.50.1 என்று மாற்றி, கேபிளைக் கழற்றி மாட்டி, புது முகவரியில் உள்ளே போன பிறகு சரியானது.

கேமராக்களை மூன்றாவது போர்ட்டில் தனியாக வைத்தேன். புதிதாகச் சேர்க்கும் போர்ட்டில் ரூல் எதுவும் இல்லையென்றால் எல்லாமே அடைபட்டிருக்கும், அதனால் சோதிக்க எல்லாவற்றையும் அனுமதித்து ஒரு ரூல் போட்டேன். வேலை முடிந்ததும் அதை நீக்கி அப்ளை கொடுத்தேன். அப்புறமும் கேமரா வெளியே பேசிக்கொண்டே இருந்தது! ஒரு ராத்திரி முழுக்க ரூலையே முறைத்துப் பார்த்தேன். விஷயம் ரூலில் இல்லை. ஏற்கெனவே திறந்த இணைப்பை ஃபயர்வால் ஸ்டேட் என்று நினைவில் வைத்திருக்கும், ரூலை எடுத்தாலும் அது பாட்டுக்கு ஓடும். டயக்னாஸ்டிக்ஸில் போய் ஸ்டேட்டுகளை ரீசெட் செய்ததும் நின்றது. சில வாரத்தில் கேமரா நேரம் பின்தங்கியது, நேரம் வாங்கப் பயன்படும் யுடிபி 123 என்ற வழியை மட்டும் ஃபயர்வால் வரைக்கும் திறந்துவிட்டேன். ஒவ்வொரு ரூலுக்கும் ஏன் போட்டோம் என்று விளக்கப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். ரூல்கள் மேலிருந்து கீழாகத்தான் ஓடும், முதலில் பொருந்துவதே செல்லும், விளக்கம் இல்லாமல் வரிசையை மாற்றினால் சிக்கல்.

2023 டிசம்பர் 17, 18 மழை யாருக்கும் மறக்காது. தாமிரபரணித் தண்ணீர் உள்ளே வந்து, மேசைக்கடியில் இருந்த அந்த ஃபயர்வால் கம்ப்யூட்டர் பெட்டி முழுகிவிட்டது. நவம்பர் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு 20ஆம் தேதி கடைசி, நம் மாவட்டத்துக்கு ஜனவரி 10 வரை நீட்டித்தது அப்புறம்தான். "தம்பி, எல்லாத்தையும் முதல்லேருந்து போடணுமா?" என்று அண்ணாச்சி கேட்டார். வேண்டியிருக்கவில்லை. வீட்டில் பென்டிரைவில், ஃபயர்வாலின் எல்லா அமைப்பையும் சேமித்து வைத்த கான்ஃபிக் ஃபைல் இருந்தது. வேறொரு கம்ப்யூட்டரில் அதை ஏற்றினேன், லேன் கார்டு வேறு என்பதால் எந்த போர்ட் எதற்கு என்று திரும்பக் கேட்டது, மூன்றையும் காட்டிக் கொடுத்தேன். கேமரா ரூல், நேர ரூல், என் விளக்க வரிகள் எல்லாம் அப்படியே வந்தன.

இப்போது பெட்டி அலமாரி மேல்தட்டில். ரூல் தொட்ட அன்றைக்கே பேக்கப், பென்டிரைவ் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும்.