வீட்டருகே பறவைகளைப் படமெடுக்க 150–600 மி.மீ. லென்ஸ்: ஒரு மதிப்புரை

வசந்த காலத்தில் வீட்டைச் சுற்றியுள்ள மரங்களில் கூடு கட்டும் பறவைகளைத் தொந்தரவு செய்யாமல் படமெடுக்க விரும்புவோருக்கு 150–600 மி.மீ. ஜூம் லென்ஸ் ஏற்ற தேர்வு என்பது என் கருத்து. கூட்டை நெருங்கினால் அடைகாக்கும் பறவை எழுந்து பறந்துவிடும், முட்டைகள் குளிர்ந்துபோகும், காகத்துக்கும் இடம் தெரிந்துவிடும். எட்ட நின்றபடியே இறகின் வரிகள்வரை பதிவுசெய்ய முடிவதுதான் இந்த லென்ஸின் தனிச்சிறப்பு. ஏபிஎஸ்-சி எனப்படும், முழுச்சட்டத்தைவிடச் சிறிய சென்சார் உள்ள கேமராவில் இதன் வீச்சு 900 மி.மீ. லென்ஸுக்குக் குறையாது.

குறை, வெளிச்சத்தில் இருக்கிறது. 600 மி.மீ. நிலையில் இதன் ஒளி புகும் துளை எஃப்/6.3 அளவுக்கு மேல் விரிவதில்லை (எஃப் எண் கூடக்கூடத் துளை சுருங்கும்). பறவைகள் மிகுதியாகப் பாடும் விடியற்பொழுதில், அலகைத் திறந்து பாடும் குருவியின் தொண்டை இறகுகள் துடிப்பதைக் கலங்காமல் பிடிக்க ஷட்டர் வேகம் 1/1000 நொடியாவது வேண்டும் என்பதால், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன் அளவு) 3200-ஐத் தாண்டிப் படத்தில் புள்ளிகள் தெரியத் தொடங்குகின்றன. வெயில் ஏறியபின் எஃப்/8 வைத்தால் கூர்மை நன்கு கூடுகிறது. ஆனால் உச்சிவேளையில் தரையிலிருந்து எழும் அனல் தொலைவிலுள்ள பறவையை நெளியச் செய்துவிடும், அதற்கு எந்த லென்ஸும் பொறுப்பல்ல.

எடை ஏறத்தாழ 2 கிலோ. ஒற்றைக்கால் தாங்கி இல்லாவிட்டால் கை விரைவில் தளர்ந்துவிடும். சுமார் 2.7 மீட்டருக்குள் குவியம் கிடைக்காததால், ஜன்னல் விளிம்பில் வந்து அமரும் சிட்டுக்கு இது உதவாது.